திருவனந்தபுரம் - துபாய்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? வான்தூரக் கணக்கு எளிய முறையில்

எடுத்துக்காட்டுக்கு ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30-க்குப் புறப்பாடு, துபாயில் காலை 7.15-க்கு இறக்கம். பார்த்தவுடன் இரண்டே முக்கால் மணி நேரப் பயணம் என்று தோன்றும். அதே ஆளின் திரும்பும் டிக்கெட்டில் துபாயில் இரவு 10.00-க்குப் புறப்பாடு, திருவனந்தபுரத்தில் மறுநாள் அதிகாலை 3.30-க்கு இறக்கம் என்று இருக்கும். அது ஐந்தரை மணி. ஒரே தூரத்துக்குப் போக ஒரு நேரம், வர அதைப்போல இரண்டு மடங்கா?

இரண்டு எண்ணுமே பறக்கும் நேரம் இல்லை. உண்மையில் போக 4 மணி 15 நிமிடம், வர 4 மணி. டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் தவறான விடைதான் வரும். குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. காரை எத்தனை மணிக்கு எடுப்பது, அழைத்துவர எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அதனால் தூரத்திலிருந்தே தொடங்குவோம்.

உருண்டையின் மேல் நேர்கோடு

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் வருவது வான்தூரம் ஆகாது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது, வடக்கே போகப் போக நிலம் அகலமாக இழுபட்டுவிடுகிறது. உண்மையான குறுகிய வழியைக் காண, பள்ளிக்கூட உலக உருண்டை ஒன்றும் ஒரு நூலும் போதும். நூலின் ஒரு முனையைத் திருவனந்தபுரத்தில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சேர வேண்டிய ஊருக்கு இழுத்து விறைப்பாக்குங்கள். விறைத்த நூல் எந்த வழியில் படிகிறதோ, அதுதான் பூமியின் மேல் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கும் முழு வட்டத்தின் ஒரு துண்டு அது.

நியூயார்க்குக்கு நூலை இழுத்துப் பாருங்கள். தட்டைப் படத்தைப் பார்த்துப் பழகிய கண், அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும் என நினைக்கும். நூலோ கராச்சிப் பக்கம் ஏறி, துர்க்மெனிஸ்தான், ரஷ்யா, நார்வே என்று வடக்கே வளைந்து, ஐஸ்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக்கைத் தாண்டும். அந்த வழியில் தூரம் சுமார் 13,780 கி.மீ. படத்தில் வளைவாகத் தெரிவதுதான் உருண்டையில் நேர்வழி.

நூலை அப்படியே அளந்து கிலோமீட்டர் ஆக்கலாம். உருண்டையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து, 40,000-ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் ஒரு சென்டிமீட்டர் எத்தனை கி.மீ. என்று கிடைத்துவிடும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் சுற்றளவு சுமார் 94 செ.மீ., ஒரு செ.மீ. சுமார் 425 கி.மீ. துபாய்க்கு நூல் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். லண்டனுக்கு 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடலாம், பிழை சில பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.

கால்குலேட்டரில் போடும் கணக்கு

துல்லியமாக வேண்டுமென்றால் இரண்டு விமான நிலையங்களின் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையம்: வடக்கு 8.48 டிகிரி, கிழக்கு 76.92 டிகிரி. துபாய்: வடக்கு 25.25, கிழக்கு 55.36. கணக்கு விமான நிலையத்திலிருந்துதான், நாகர்கோவிலிலிருந்து இல்லை.

முதலில் இரண்டு அட்சங்களின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.1475 × 0.4266 = 0.0629. அடுத்து இரண்டு அட்சங்களின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கக்கோடுகளின் வித்தியாசமான 21.56 டிகிரியின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.9891 × 0.9045 × 0.9300 = 0.8320. இரண்டையும் கூட்டினால் 0.8949. இதற்குத் தலைகீழ்க் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 26.5 டிகிரி. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம் அது. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 2,947 கி.மீ.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்பது தூத்தூர், குளச்சல் விசைப்படகுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 26.5 × 60 = 1,590 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானமும் கப்பலைப் போலவே தூரத்தைக் கடல் மைலிலும், வேகத்தை 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அளவிலும்தான் கணக்கிடுகிறது.

இந்தக் கணக்கில் தவறு நுழையும் இடங்கள் சில. போன் கால்குலேட்டர் டிகிரிக்குப் பதிலாக ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருந்தால் விடை முழுக்கக் கெட்டுப்போகும். தொடங்குமுன் கொசைன் 60 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி, -0.95 வந்தால் டிகிரிக்கு மாற்ற வேண்டும். அடுத்தது, பாதியில் எண்ணைச் சுருக்கிவிடுவது. 0.8949-ஐ 0.89 என்று போட்டால் விடை 3,017 கி.மீ. ஆகிவிடும், 70 கி.மீ. பிழை. குறைந்தது நான்கு தசம இடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பிழை படகில் ஜி.பி.எஸ். பார்த்துப் பழகியவர்களுக்கே அதிகம் வரும். அந்தத் திரையில் 8° 28.9' என்று டிகிரியும் நிமிடமும் காட்டும். அது 8.289 இல்லை. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 28.9 ÷ 60 = 0.482, ஆக 8.482 டிகிரி. அப்படியே 8.289 என்று போட்டால் இடமே 21 கி.மீ. தள்ளிப்போகும்.

இந்த சைனும் கொசைனும் எதற்கு, பள்ளியில் படித்த பிதாகரஸ் போதாதா என்றால், பக்கத்து ஊருக்குப் போதும். துபாய்க்கு அப்படிப் போட்டால் 3,037 கி.மீ. வரும், 90 கி.மீ. கூடுதல். லண்டனுக்கு உண்மைத் தூரம் 8,397 கி.மீ. பிதாகரஸ் தருவதோ 9,840-க்கு மேல். தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் வரும் பிழை இது. நம் மாவட்டத்தில் ஒரு டிகிரி தீர்க்கக்கோடு சுமார் 110 கி.மீ. அகலம், லண்டன் அட்சத்தில் 70 கி.மீ. கூட இல்லை.

இதே முறையில் சென்னையிலிருந்து துபாய்க்குப் போட்டால் 2,933 கி.மீ. வரும். திருவனந்தபுரம் மேற்குக் கரையில் இருந்தும் தூரம் ஏறத்தாழ அதேதான். சென்னை அவ்வளவுக்கு வடக்கே இருப்பது, கிழக்கே இருப்பதை ஈடுசெய்துவிடுகிறது. ஆக, சென்னை போனால் துபாய் பக்கம் என்பதும் இல்லை, தூரம் என்பதும் இல்லை. சென்னைக்கு ரயிலில் போகும் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம்தான் வீண். கொச்சியிலிருந்து 2,780 கி.மீ.

தூரத்திலிருந்து நேரம்

திருவனந்தபுரம் - துபாய் தடத்தில் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் மேலே நிலைத்துப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 830 கி.மீ. போகும். போயிங் 777 போன்ற பெரிய விமானங்கள் 900. 2,947-ஐ 830-ஆல் வகுத்தால் 3.55 மணி, அதாவது 3 மணி 33 நிமிடம். இதோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். 4 மணி 3 நிமிடம்.

அந்த அரை மணி எதற்கு என்பதை ஒரு பயணத்தின் தொடக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சக்கரக் கட்டையை எடுத்து, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளியதிலிருந்தே டிக்கெட் நேரம் ஓடத் தொடங்கிவிடும். ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போக 10, 15 நிமிடம். பிறகு மேலே ஏற 20, 25 நிமிடம். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது 463 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. இறங்கும்போதும் அப்படியே. ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 36,000 அடியில் பறப்பவர் 108 கடல் மைலுக்கு, அதாவது 200 கி.மீ.க்கு முன்பே இறங்கத் தொடங்கியாக வேண்டும். துபாய் விமானம் மஸ்கட் அருகே ஓமன் கரையைத் தொட்ட சிறிது நேரத்திலேயே காது அடைக்க ஆரம்பிப்பது இதனால்தான்.

தூரம் குறைந்தாலும் இந்த அரை மணி குறையாது. திருவனந்தபுரம் - சென்னை சுமார் 620 கி.மீ. 830-ஆல் வகுத்தால் 45 நிமிடம்தான், அரை மணியும் சேர்ந்து ஒன்றே கால் மணி ஆகிறது. டிக்கெட்டில் அதற்கும் சற்றுக் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். கூட்டமான நிலையத்தில் இறங்க வரிசையில் சுற்ற வைப்பார்கள் என்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கையில் வைத்துக்கொள்கின்றன. சில நாள் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே இறங்குவதற்குக் காரணமும் அதுதான்.

முப்பந்தலில் ஒரு காற்று, மேலே ஒரு காற்று

தூரம் ஒன்றாக இருந்தும் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவது காற்றால். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதம் மேற்கு நோக்கி சைக்கிள் மிதித்தவருக்கு இது காலால் தெரியும். விமானம் காற்றுக்குள் நீந்துகிறது, காற்றும் நகர்கிறது. விமானம் காற்றில் போகும் வேகம் 830. எதிர்க்காற்று 80 என்றால் தரையைக் கடக்கும் வேகம் 750. பின்காற்று 80 என்றால் 910. முதலாவதில் 2,947 கி.மீ. கடக்க 3 மணி 56 நிமிடம், இரண்டாவதில் 3 மணி 14 நிமிடம். வித்தியாசம் 40 நிமிடத்துக்கு மேல். இருக்கைத் திரையில் காட்டும் தரை வேகம் இந்தக் கூட்டிக் கழித்த வேகம்தான்.

குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடாப் பக்கம் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்று ஓடுகிறது. டிசம்பர், ஜனவரியில் துபாய் போகும் விமானம் கடைசிப் பாதியில் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும், திரும்பும் விமானம் அதில் சவாரி செய்யும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று ஆறு ஓடுகிறது. 1950-களில் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் விளக்கிய வெப்பமண்டலக் கீழைக்காற்று அது. அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே 14 கி.மீ. அளவில் இருந்தாலும், கீழ்ப்பகுதி விமானத்தையும் தொடும். அதே நாட்களில் முப்பந்தல் காற்றாலைகள் மேற்கிலிருந்து வரும் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும். தரையில் பார்க்கும் காற்றை வைத்து, இன்று எதிர்க்காற்று, விமானம் தாமதமாகும் என்று கணித்தால் தவறிவிடுவது இதனால்தான். தலைக்கு மேலே அந்த நேரம் காற்று நேர் எதிராக ஓடிக்கொண்டிருக்கும்.

குறுகிய வழியிலேயே விமானம் எப்போதும் போகும் என்றும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே சுற்ற வேண்டியதாயிற்று. திருவனந்தபுரம் - துபாய் நூல் பாகிஸ்தானைத் தொடுவதே இல்லை, அரபிக்கடல் மேலேயே போய் ஓமனில் கரையேறுகிறது.

ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

இனி டிக்கெட்டுக்கு வருவோம். முறை ஒன்றே ஒன்று: இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு கழியுங்கள். ஐக்கிய அரபு அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால். துபாயில் காலை 7.15 என்றால் இங்கே 8.45. 4.30-ஐக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது துபாய் இரவு 10.00 என்பது இங்கே 11.30. அங்கிருந்து 3.30 வரை 4 மணி.

லண்டன் கணக்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அதனால் கோடையில் வித்தியாசம் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை.

துபாய் வழியாக லண்டன் போவது பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. திருவனந்தபுரம் - துபாய் 2,947, துபாய் - லண்டன் 5,497, ஆக 8,444 கி.மீ. நேராகப் போனால் 8,397. கூடுதல் 47 கி.மீ. மட்டும், விமானத்துக்கு நான்கு நிமிடம் கூட இல்லை. துபாய் கிட்டத்தட்ட நூலின் மேலேயே இருக்கிறது. நேரம் போவது சுற்றினால் இல்லை, இறங்கி ஏறுவதில். அதிகாலை 4.30-க்குக் கிளம்பி, இந்திய நேரம் 8.45-க்கு துபாய், மூன்று மணி காத்திருப்பு, 11.45-க்கு அடுத்த விமானம், எதிர்க்காற்றோடு சுமார் ஏழரை மணி பறந்தால் இந்திய நேரம் இரவு 7.15. குளிர்காலமானால் லண்டனில் பகல் 1.45. மொத்தம் 14 மணி 45 நிமிடம். இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தவருக்கு அந்த மூன்று மணி போதாமல் போகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே முன்பதிவில் எடுப்பதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் பணம் போனாலும் அது நியாயமான பணம்.

வீட்டிலிருந்து விமானம் வரை

வீட்டுக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 4.30 விமானம், மூன்று மணி முன்பு என்றால் 1.30-க்கு நிலையத்தில் நிற்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சாலை வழி சுமார் 70 கி.மீ. இரவில் இரண்டு மணி, கைவசம் அரை மணி. ஆக, முந்தைய நாள் இரவு 11 மணிக்கு வண்டி நகர வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து என்றால் இன்னும் 20 கி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டினாலும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல் இருக்கிறது. இன்னும் ஒரு மணி கூட வைப்பது நல்லது.

விமானம் தவறுவதற்கு நெரிசலை விட மோசமான காரணம் தேதி. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை உள்ள எந்த டிக்கெட்டுக்கும், நாட்காட்டியில் முந்தைய நாள் கட்டத்தில் 'இன்று இரவு கிளம்ப வேண்டும்' என்று எழுதி வைத்துவிடுங்கள்.

திருவனந்தபுரத்துக்கே உரிய இரண்டு விஷயங்கள். சர்வதேச முனையம் சாக்கைப் பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். நடுவே ஓடுபாதை. தவறான பக்கம் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து போக முடியாது, சாலையைச் சுற்றி வர வேண்டும். டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்து ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மற்றொன்று, பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று மாலையிலிருந்து இரவு வரை சுமார் ஐந்து மணி நேரம் ஓடுபாதை மூடியிருக்கும், விமான நேரங்களும் மாறும். அந்த மாதங்களில் மாலைப் பயணம் என்றால் ஆராட்டு நாளைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கு: அதிகாலை 3.30 என்பது விமானம் நிலையத்தில் வந்து நிற்கும் நேரம். குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து ஆள் வாசலுக்கு வர இன்னும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி ஆகும். நாகர்கோவிலிலிருந்து 1.30-க்குக் கிளம்பினால் போதும். கிளம்புமுன் விமானம் துபாயில் உண்மையாக எத்தனை மணிக்கு மேலே ஏறியது என்று பார்த்து, அதை இந்திய நேரமாக்கி, மூன்றே முக்கால் மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். விமானம் தாமதமாகக் கிளம்பியிருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும்.